டீக்கறைக்கு ஒரு மையக்கோடு

என் பொறியியல் படிப்பின் மதிப்பெண் பட்டியலில் ஒரே ஓர் அரியர் உண்டு. முதல் செமஸ்டர், பொறியியல் வரைபடம். அந்தப் பாடத்துக்கு வாத்தியாராக இருந்தவர் என் அப்பா. அரியரைக் கொடுத்தவரும் அவர்தான். வேலைக்கான நேர்காணல்களில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். அப்பா காலமான பிறகு உறவுக்காரர்கள் சிலர், அவரைப் பற்றி ஏதாவது எழுது, எவ்வளவு நல்ல மனுஷன் என்றார்கள். நல்ல மனுஷன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அரியரை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வராது.

அப்பா திருப்போரூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் தெருவில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவர். பட்டயப் படிப்பு முடித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த அணு ஆராய்ச்சி வளாகத்தில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படித்து இன்ஜினியர் ஆனார். இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் தன் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். நான் பிறந்தபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது.

தொண்ணூறுகளில் நாங்கள் வளாகத்துக் குடியிருப்பில் இருந்தோம். அக்கம்பக்கத்தில் நெல்லை, கோவை, தஞ்சாவூர் என்று எல்லாச் சீமைக்காரர்களும் உண்டு. உள்ளூர்க்காரர் என்று பார்த்தால் எங்கள் வரிசையில் அப்பா ஒருவர்தான். அவர் 'இன்னா', 'வூடு' என்று பேசுவதை எதிர்வீட்டு நெல்லைக்காரர் கிண்டல் செய்வார். அப்பா கோபப்பட மாட்டார். மறுநாள் காலையில் வேலியோரம் நின்று, "இன்னா சார், நாஸ்தா ஆச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார்.

அம்மா திருக்கழுக்குன்றத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. விடியும்போதே கிளம்பிவிடுவாள். அதனால் எனக்குத் தலை பின்னியது, டப்பாவில் சோறு கட்டியது, சட்டையில் பட்டன் தைத்தது எல்லாம் அப்பா. மூன்று பிரிவும் ஒரே அளவாக வராவிட்டால் பின்னலைப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், நான் கத்திக்கொண்டிருப்பேன், அவர் பாட்டுக்குச் சீப்பை வைத்துப் பிரித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் மீன் வாங்கிவந்து அவரே கழுவி, அவரே அரைத்து, குழம்பு வைப்பார். அன்றைக்கு ஒரு நாள் அம்மா அடுப்பங்கரைப் பக்கம் வரக் கூடாது.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அது அம்மா வழி. அப்பாவுக்குக் கோபமே வராது. பிடிவாதம் வரும். கோபமாவது ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும்.

இரண்டாயிரம் பிறந்த கையோடு அவர் ஓய்வு பெற்றார். செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் கட்டியிருந்த வீட்டுக்கு வந்தோம். மூன்று மாதம் சும்மா இருந்தார். அதற்குள் மளிகை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் அச்செழுத்தில் பெயர் எழுதி, மிளகாய்த்தூளை எங்கே வைத்தார் என்று அம்மா தேடும்படி செய்துவிட்டார். "எங்கியாவது வேலைக்குப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று அம்மாவே கும்பிட்டாள். அந்தச் சமயம் அந்தப் பக்கமெல்லாம் பொறியியல் கல்லூரிகள் புதிது புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பை வெட்டிக் கட்டிய ஒரு கல்லூரியில் வரைபடம் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். மறு வருஷம் நான் பிளஸ் டூ முடித்தேன். கவுன்சலிங்கில் எனக்கு அமைந்ததும் அதே கல்லூரி. உலகத்தில் வேறு கல்லூரியே இல்லையா என்று ஒரு நாள் முழுக்க அழுதேன்.

சேர்ந்த அன்றே அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். கல்லூரிக்குள் நான் அவருக்கு ஒரு பதிவு எண், அவ்வளவுதான். வகுப்பில் அறுபது பேர், திருத்துவதற்காக இரண்டு பிரிவு. என்னை வலியக் கொண்டுபோய் இன்னொரு ஆசிரியையின் பிரிவில் போட்டார். என் ஷீட்டை அவர் தொடவே மாட்டார். வீட்டிலும் வரைபடம் சொல்லித்தர மாட்டார். "மத்த பசங்க வூட்ல வாத்தியாரா கீறாரு? உனக்கு மட்டும் இருந்தா அது ஓரவஞ்சனை" என்றார். தினமும் ஒரே கல்லூரிப் பேருந்தில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போவோம். அவர் டிரைவருக்குப் பின்னால், நான் கடைசி வரிசையில்.

வரைபடம் எனக்குச் சுட்டுப் போட்டாலும் வரவில்லை. ஒரு பொருளை மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னாலிருந்து பார்த்தால் எப்படி என்று வரைய வேண்டும். என் மண்டைக்குள் அந்தப் பொருள் திரும்பவே திரும்பாது. முதல் தேர்வில் பத்துக்கு நாலு. அந்த மேடம் மதிப்பெண்ணைச் சொன்னபோது அறுபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வரைபட சாரின் பெண் நாலு மார்க். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லிக் கொடுங்க" என்று கெஞ்சினேன். "நாளைக்கு கிளாஸ்ல கையைத் தூக்கிக் கேளு, எல்லாருக்கும் சேத்து சொல்றேன்" என்றார். நாலு மார்க் வாங்கியவள் அறுபது பேருக்கு நடுவில் கையைத் தூக்குவாளா? கதவை அறைந்து சாத்தினேன்.

இந்த இடத்தில்தான் நான் ஜி.டி. அடித்தேன். பொறியியல் படித்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், கிளாஸ் டிரேசிங். ஒரு கண்ணாடியைக் கிடத்தி, அடியில் டியூப் லைட்டைப் போட்டு, மேலே சீனியர் ஒருவரின் பழைய ஷீட்டை வைத்து, அதன்மேல் உங்கள் வெள்ளை ஷீட்டை வைத்தால் கோடெல்லாம் தெரியும். அப்படியே பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். மூளைக்கு வேலை இல்லை. விடுதியில் இருந்த என் தோழியின் அறையில், சனிக்கிழமை மத்தியானம், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு பெட்டிகளின் மேல் வைத்து, நான்கே மணி நேரத்தில் ஐந்து ஷீட் முடித்தேன். இவ்வளவு சுத்தமாக நான் வரைந்ததே இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஐந்தில் ஒன்றான ஏழாவது ஷீட் ஓர் இரும்புத் தாங்கி. கீழே ஒரு தட்டு, அதன்மேல் நிற்கும் ஒரு சுவர். சீனியரின் ஷீட்டில் அந்தத் தட்டின் மூலையில் எப்போதோ சிந்திய டீத்துளி ஒன்று காய்ந்திருந்தது. அடியிலிருந்து வெளிச்சம் அடித்ததில் அது வட்டமாக, அழகாகத் தெரிந்தது. நான் காம்பஸை எடுத்து வட்டம் போட்டேன். போல்ட் போகிற ஓட்டை என்று நினைத்துக்கொண்டேன். தோழிதான் பழைய ஷீட்டை எடுத்து மடக்கும்போது பார்த்தாள். "அடிப்பாவி, இது டீக்கறைடி" என்றாள். இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். அழிக்கலாம்தான். அழித்தால் ஷீட்டில் கறுப்பாகத் திட்டு விழும். ஒரு ஓட்டையால் என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன். எங்கள் மேடமும் கவனிக்காமல் ஐந்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் கணக்கில் எடுக்காத விஷயம் ஒன்று. வரைபட சாரின் பெண் வரைந்த ஷீட், அதுவும் கையெழுத்து வாங்கிய ஷீட் என்றால் சும்மா இருப்பார்களா? விடுதியில் அது கைமாறிக் கைமாறிப் போனது. பல கண்ணாடிகளின் மேல் ஏறி இறங்கியது. அப்பாவின் பிரிவில் இருந்த முப்பது பேரில் இருபத்திரண்டு பேர் அந்த ஓட்டையைப் போட்டார்கள். ஒரு பையன் ரொம்பப் பொறுப்பானவன். வட்டத்துக்கு மையக்கோடும் போட்டு, விட்டம் பன்னிரண்டு என்று அளவும் எழுதிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அப்பா அந்தப் பையனின் ஷீட்டை வகுப்பில் தூக்கிப் பிடித்தார். "மேலிருந்து பார்த்தா ஓட்டை இருக்கு. முன்னாடி இருந்து பார்த்தா இல்லை. இது என்ன மாய ஓட்டையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஷீட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார். "இருபத்திரண்டு பேர் பார்த்துப் போட்டிருக்கீங்க. அது சோம்பேறித்தனம். வெள்ளிக்கிழமைக்குள்ள என் கண்ணு முன்னாடி திரும்ப வரைஞ்சா விட்டுடறேன். ஆனா முதல்ல இந்த ஓட்டையைப் போட்டு, சரின்னு மத்தவங்களுக்குக் கொடுத்தது ஒருத்தர். அவர் எழுந்து சொல்லட்டும். அந்த ஒருத்தர் மட்டும் இந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. யாரும் சொல்லலைன்னா இந்த இருபத்திரண்டு பேர்ல யாருக்கும் கையெழுத்துக் கிடையாது."

பதினான்கு ஷீட்டிலும் கையெழுத்து இருந்தால்தான் தேர்வுக்கு அனுமதி. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் தோழி என்னை ஓரம் கட்டினாள். "உனக்குத்தான் மேடம் சைன் பண்ணிட்டாங்களே, கம்முனு இரு. சார் ரெண்டு நாள் சத்தம் போடுவாரு, அப்புறம் எல்லாருக்கும் போட்டுடுவாரு" என்றாள். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். சாருக்கு உள்ளுக்குள் தெரியும், மகளைக் காப்பாற்றத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறார் என்று ஒருவன் சொன்னான். அவர்களுக்கு என் அப்பாவைத் தெரியாது. எனக்குத் தெரியும். பின்னல் சரியில்லை என்று பள்ளிப் பேருந்தையே நிற்க வைத்தவர்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் அந்த ஷீட்டைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். "பாரேன் இந்த அநியாயத்தை. ஓட்டைக்கு சென்டர் லைன் வேற போட்டுகீறான்" என்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "யாரும்மா இது, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி" என்று மடக்கி வைத்துவிட்டு எனக்கு ரசம் ஊற்றினார். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அப்போது புரிந்தது. என்னைச் சந்தேகப்பட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். கல்லூரித் தாளாளர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அனுமதிப் பட்டியல் போயாக வேண்டும், எல்லோருக்கும் கையெழுத்துப் போடுங்கள், முடியாது என்றால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"போட்டுத் தொலைங்களேன். ஒரு ஓட்டைக்காவா வேலைய விடுவாங்க?" என்றாள் அம்மா.

"ஓட்டை சின்னதுதான். இல்லாத ஓட்டைய இருக்குதுன்னு வரைஞ்சி குடுத்தா, கீழ ஒருத்தன் அதை நம்பி டிரில் பண்ணுவான். நம்ம கையெழுத்த பாத்துதான் அவன் நம்பறான். முப்பது வருசமா அதுக்குத்தான் சம்பளம் வாங்கினேன். இப்ப வந்து கண்ண மூடிகினு போடச் சொன்னா, போ, நான் வூட்லயே கெடக்கறேன்."

"வூட்ல இருந்தா டப்பாவ அடுக்குவீங்க" என்றாள் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

அந்த வேலை அவருக்கு எப்படிப்பட்டது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது அவர் சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூளாக இருக்கும், முகம் மலர்ந்திருக்கும். அதை என் ஒரு டீக்கறை பிடுங்கப்போகிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் அவருக்கு வேலை போகும், இருபத்திரண்டு பேருக்குத் தேர்வு போகும். திறந்தால் எனக்கு அரியர். முதல் செமஸ்டரிலேயே, அதுவும் வரைபடத்தில். பெரிய கம்பெனிகள் அரியர் வைத்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும் என்று சேர்ந்த நாளிலிருந்து பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்து நான் பொய் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை இரண்டாவது பீரியட். அப்பா கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, "இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார். நான் எழுந்தேன். தோழி என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். தட்டிவிட்டேன். எழுந்தாகிவிட்டது. இனிமேல் உட்காருவது இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நான்தான் சார். மேடம் என் ஷீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. அதை வாங்கித்தான் எல்லாரும் போட்டாங்க. அது ஓட்டையே இல்லை சார். சீனியர் ஷீட்டில் இருந்த டீக்கறை. கறைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பா நின்றபடியே பாடம் நடத்துகிறவர். அன்றைக்கு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நீயாம்மா?" என்றார்.

பிறகு எழுந்து, என் பதிவு எண்ணைச் சொல்லி, "உட்காரு" என்றார். விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்தார். கரும்பலகையில் அவர் போட்ட கோடு நேராகத்தான் வந்தது. மத்தியானம் அந்த மேடத்திடம் போய் என் ஐந்து ஷீட்டின் கையெழுத்தையும் அடிக்கச் சொன்னார். மேடம், "சார், பாவம் சார், உங்க பொண்ணு சார்" என்று மன்றாடியதாகத் தோழி சொன்னாள். அதற்கு அவர், "அது எனக்குத் தெரியும் மேடம்" என்றாராம்.

வெள்ளிக்கிழமைக்குள் மற்றவர்கள் எல்லோரும் திரும்ப வரைந்தார்கள். அவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பட்டியல் போனது. வேலை தப்பியது. பட்டியலில் என் எண் மட்டும் இல்லை.

வீட்டில் யுத்தம். "பெத்த பொண்ணு வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டுட்டு சோறு வேற கேக்குதா?" என்றாள் அம்மா. தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள், அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்காகவாவது கொஞ்சம் இரங்குவார் என்று எதிர்பார்த்தேன். மனசார வெறுத்தேன் என்றே சொல்ல வேண்டும். தப்பு என் மேல்தான் என்று தெரிந்திருந்ததால் வெறுப்பு இன்னும் கூடியது.

சனிக்கிழமை காலையில் என் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கூடத்தில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேஜையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, பரணிலிருந்து தன் பழைய வரைபலகையை இறக்கி, ஷீட்டைப் பொருத்தி வைத்திருந்தார். கதவருகில் வந்து நின்றார்.

"எழுந்து வாம்மா."

"எதுக்கு? எனக்குத்தான் பரீட்சையே இல்லியே."

"அதான் கூப்பிடறேன். இப்ப நீ என் கிளாஸ்ல இல்ல. இனிமே நான் உனக்கு வூட்ல சொல்லித் தந்தா ஒருத்தனும் ஓரவஞ்சனைன்னு சொல்ல முடியாது."

நான் திரும்பிப் பார்த்தேன். ராத்திரியெல்லாம் தூங்காத முகம். கையில் எனக்காகச் சீவிய பென்சில்.

"நீ நாலு மார்க் வாங்கின அன்னிக்கு மேடம் எங்கிட்ட வந்து சொன்னாங்க. எனக்கு சோறு எறங்கல. நீ கதவச் சாத்திகினு உள்ள அழுதுகினு இருந்தே. சொல்லித் தந்துடலாம்னு இந்த வாசப்படி வரைக்கும் வந்தேன். வந்துட்டு அப்பிடியே திரும்பிப் போயிட்டேன்." கையிலிருந்த பென்சிலை உருட்டினார். "அன்னிக்கு உள்ள வந்திருந்தா நீ இந்த வேலைய செஞ்சிருக்க மாட்டே. தப்புல பாதி என்னுது. ஆனா அரியர என்னால பாதி பண்ண முடியல, அவ்ளோதான்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரும் அழுதார். அப்பா அழுது அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். அப்பாவைப் பார்க்காமல், "ஷீட்டுல சிந்தாம குடிங்க" என்று மேஜையின் தள்ளிய ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்பா அடுப்பங்கரையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். மேலிருந்து பார்க்கச் சொன்னார். பிறகு குனிந்து, மேஜை விளிம்போடு கண்ணை வைத்து, முன்னாலிருந்து பார்க்கச் சொன்னார். தீப்பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, இப்போது பார் என்றார். என் கன்னத்துக்குப் பக்கத்தில் அவர் கன்னமும் மேஜையில் கிடந்தது. எத்தனையோ நாளாகத் திரும்பாத பொருள் என் மண்டைக்குள் மெல்லத் திரும்பியது. நிமிர்ந்து பென்சிலை எடுத்தேன். முதல் கோட்டைப் போட்டேன்.

அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கோணலா கீது. அழி" என்றார்.

அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.